கதவு திறந்திருப்பதாகச் சொன்னேன்

பேசக் கூப்பிட்டால் போதும், நான் சட்டை தேய்த்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுவேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திய வாத்தியாருக்கு மைக் என்றால் ஒரு சபலம். பெரம்பலூரில் என் மகள் படித்த கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம் போடுகிறோம், அனுபவப்பட்ட தகப்பனாக நீங்கள் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும் அந்த மேடைக்கு என்னைவிடத் தகுதி கெட்ட தகப்பன் கிடைத்திருக்க மாட்டான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் ஜெயங்கொண்டம் பக்கம் வரதராசன்பேட்டை. மகள் ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்துக் கிளம்பியபோது ஞாயிறு பூசையில் பங்குச்சாமியாரிடம் சொல்லி அறிவிக்க வைத்தேன். அது போதாதென்று ஜெயங்கொண்டத்தில் பிளெக்ஸ் அடித்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டினேன். கோட்டுப் போட்ட அவள் படம், பின்னால் பறக்கிற விமானம், அதன் கீழே நானே எழுதிய வாசகம். “வேணாம்ப்பா, கூச்சமா இருக்கு” என்றாள். உனக்காகவா கட்டுகிறேன், ஊருக்காகக் கட்டுகிறேன் என்று சிரித்தேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவள் போய் மூன்றாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். வீடியோவில் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, வகுப்பில் பாதி புரிவதில்லை, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு ஆளிடமும் வாய்திறந்து பேசவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. கடைசியில்தான் கேட்டாள்.

“அப்பா, நான் வந்துடட்டுமா?”

நான் சொன்ன பதிலை எழுத இப்போதும் கை கூசுகிறது.

“வந்துட்டு? பஸ் ஸ்டாப்புல ஒன் படம் இன்னும் நிக்குது. அத தாண்டி எப்புடி வூட்டுக்கு நடந்து வருவ?”

என் மனைவி போனை வாங்கக் கை நீட்டினாள். நான் தோளைத் திருப்பிக்கொண்டேன். மகள் “சரிப்பா” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், குளிர் பரவாயில்லை. வாரா வாரம் இந்த மூன்று சேதிதான். பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடம், பிள்ளை தேறிவிட்டாள் என்று பெருமையடித்தேன். கொஞ்சம் கண்டிப்பு வேண்டும் சார் என்று அவர்களுக்குப் பாடம் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சில்லறைப் பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. இது பாவம் என்றே தோன்றவில்லை.

அப்படிப்பட்டவன்தான் மறுவருடம் பெரம்பலூர் மேடையில் ஏறினேன். மகள் படித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மனைவியும் உடன் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். சான்றிதழ்களில் இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், மாத்திரை கொடுத்தனுப்பினால் டாக்டர் சீட்டையும் கூட வையுங்கள், பெட்டியை எங்களைப் போல முந்திரிக்கொட்டை மண்டித் தராசில் எடை போட்டுவிட்டு ஏர்போர்ட்டில் ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள் என்றேன். சிரித்தார்கள். எனக்குக் குஷி ஏறிவிட்டது.

அப்போது அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம், மகன் அயர்லாந்து போகிறான் என்று முன்பே சொல்லியிருந்தார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், புள்ள அங்க போயி, என்னால இருக்க முடியலம்மா, வந்துடறேன்னு சொன்னா நாம என்னங்க சொல்றது?”

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அதுதான் போலிருக்கிறது. தெரியாது அம்மா, நான் அதில் தோற்றவன் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது அறுபது முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் நிற்கிறவனுக்கு நல்லவனாகத் தெரிய வேண்டுமே.

“என் மகளும் கேட்டாம்மா. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். கதவு தெறந்துதான் இருக்கு, எப்ப வேணும்னாலும் வா, ஒருத்தனுக்கும் நீ பதில் சொல்ல வேணாம்னேன். அதுக்கப்புறம் அவ வரணும்னே கேக்கல.”

கை தட்டினார்கள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அதுதான் பொய்யிலேயே பெரிய பொய். என் மனைவியைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அரியலூர் தாண்டி சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ஜெயங்கொண்டத்தில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “நீங்க சொன்னத நானும் அங்க ஒக்காந்துதான் கேட்டேன்.” அவ்வளவுதான். ஊருக்குத்தான் உபதேசம் என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து அந்த அரும்பாவூர் அம்மா கல்லூரியில் நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டார். மகன் போன இரண்டாவது மாதமே வந்துவிடுகிறேன் என்றானாம். “நீங்க சொன்ன வார்த்தைய அப்புடியே சொன்னேங்க சார். தேம்பித் தேம்பி அழுதான். அப்பறம் நல்லாத் தூங்குனேன்னு மறுநா சொன்னான். பரீட்ச வரைக்கும் இருந்து பாக்கறேங்கறான்.” நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். உங்கள் மகள் கொடுத்து வைத்தவள் என்றார். நான் சரிங்கம்மா, சரிங்கம்மா என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் யார் வசவும் எனக்கு அப்படி எரிந்ததில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு மருந்தான வார்த்தை என் வாயில்தான் இருந்திருக்கிறது. நான் பெற்றவளுக்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு மகளை நானே கூப்பிட்டேன். படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். முதலில் குளிர் எப்படி என்று கேட்டேன், சாப்பாடு என்ன என்று கேட்டேன். பிறகு தட்டுத்தடுமாறி, கல்லூரிக் கூட்டத்தில் உன் பேரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்றேன். மனைவி அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள்.

“தெரியும்ப்பா. காலேஜ்ல அந்தக் கூட்டத்து வீடியோவ நெட்டுல போட்டுருந்தாங்க. அப்பவே பாத்துட்டேன்.”

ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக என்னிடம் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன்மா என்னைக் கேட்கவில்லை, கோபம் வரவில்லையா என்றேன்.

“மொதல்ல வந்துச்சு” என்றாள். “அப்பறம் அந்த எடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்ப்பா. நீங்க ‘எப்ப வேணும்னாலும் வா’ன்னு சொல்ற எடத்த. தூக்கம் வராதப்பல்லாம் அதத்தான் கேப்பேன்.”