எலிக்குப் பத்தில் ஒன்று

விராலிமலைக்குக் கிழக்கே நாலு மைலில் இறங்கி அடைக்கலம் வீடு எது என்று கேட்டால், "கதவுல நம்பரு எழுதியிருக்குமே, அந்த வீடுதான்" என்று கை காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் உண்மைதான். தை மாதம் புது நெல் விலைக்குப் போகிற அன்று, அந்த வருசத்தையும் மூட்டை விலையையும் சுண்ணாம்பு தொட்டு கதவில் எழுதிவிடுவார் மனுசன். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடிப்பார் அவர் சம்சாரம் செங்கமலம். கதவை மட்டும் தொடக் கூடாது. "கட்டிக்கிட்டு வந்த அன்னையிலேருந்து இந்தக் கதவுதான் எனக்குச் சக்களத்தி" என்று தெருவில் சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துப் போயிற்று.

இந்தக் கிறுக்கு சும்மா பிடிக்கவில்லை. சமஸ்தானம் போய், நம் ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த காலம் அது. உழவுமாடு ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று அடைக்கலம் அரைக்குடம் அம்மன் காசு சேர்த்து வைத்திருந்தார். சமஸ்தானத்துச் செம்புக் காசு, குன்றிமணி மாதிரி சிறுசு. குடத்தைத் தூக்கிக்கொண்டு விராலிமலை ஹாஜா முகைதீன் கடையில் ரூபாயாக மாற்றப் போனார். மளிகைக்கடை முகைதீன் குடத்துக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தார்.

"அடைக்கலம், இது இனிமே அம்மனுக்குத்தான் செல்லும். எனக்குச் செல்லாதுப்பா."

கடைசியில் பாத்திரக்காரன் செம்பு விலைக்கு எடை போட்டு எடுத்துக்கொண்டான். ஜோடி மாட்டுக்குச் சேர்த்ததில் ஒரு கன்றுக்குட்டி வந்தது, அதுவும் ஒரு கண்ணில் பூ விழுந்தது. அன்றோடு காசு என்கிற பேச்சையே விட்டுவிட்டார் அடைக்கலம். எதைச் சொன்னாலும் "அது எத்தனை மரக்கா?" என்பார். நெல் மூட்டைக்கு இருபத்துநாலு மரக்கால். பஸ் டிக்கெட், டாக்டர் ஊசி, தாலி சங்கிலி, எல்லாமே அவருக்கு மரக்கால்தான். நயா பைசா வந்து ஊரே அணாவுக்கும் பைசாவுக்கும் விழி பிதுங்கி நின்றபோது, இவர் ஒருத்தர்தான் குழம்பவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அறுபத்தைந்தாம் வருசம் மாசியில் கண்ணுசாமி கல் குவாரிப் பங்கை விற்க வந்தார்.

கண்ணுசாமி வேறு யாருமில்லை, செங்கமலத்தின் கூடப் பிறந்த அண்ணன். பத்து வருசத்துக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து பக்கத்துப் பாறைக் கரட்டில் ஒரு கல் கம்பெனி தொடங்கினார்கள். மயில் படம் போட்டு அச்சடித்த பங்குப் பத்திரம், கீழே ஸ்டாம்பு ஒட்டி நாலு கையெழுத்து. கால் பங்கு கண்ணுசாமிக்கு. அந்தப் பத்திரத்தைத் துணியில் சுற்றி, மேலே பேரேட்டை வைத்து, சாமி படம் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மாப்ள, எனக்கும் வயசாச்சு. கல்லுத் தூசி தின்னது போதும். கடைசிக் காலத்துல வரப்புல நடந்துட்டுப் போயிருவோம்னு இருக்கு. பங்கை நீ எடுத்துக்க. கண்மாய்க்கால் வயலு ரெண்டு ஏக்கரை எனக்குக் குடு. நேருக்கு நேர் மாத்திக்கிருவோம்."

அந்த ரெண்டு ஏக்கர்தான் அடைக்கலத்தின் சொத்து முழுவதும். அது போனால் வீடும் கதவும்தான் மிச்சம்.

"பங்கு என்ன குடுக்குது மச்சான்?"

கண்ணுசாமி பேரேட்டைப் பிரித்தார். அம்பத்தஞ்சில் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய். அறுபதில் ஆயிரத்து எண்பது. போன வருசம் ஆயிரத்து இருநூறு. "முருங்கை மாதிரி வருசா வருசம் ஒசந்துக்கிட்டே போகுது பாரு. ஒன் வயல் செலவு போக என்ன குடுக்குது?"

"இருவது மூட்டை."

"அட ரூவாயில சொல்லுப்பா!"

செங்கமலம் உள்ளேயிருந்தே சொன்னார். "நானூத்தி எம்பதுண்ணே. மூட்டை இருவத்துநாலு ரூவா."

"நானூத்தி எம்பது எங்கிட்டு, ஆயிரத்தி எரநூறு எங்கிட்டு! இதுக்கு யாராச்சும் யோசிப்பாகளா மாப்ள? பங்கு கை மாறுனா நம்ம விராலிமலை முருகனுக்கு அவருக்குப் புடிச்ச சுருட்டு ஒரு கட்டு வைக்கிறேன்னு நேந்துக்கிட்டு வந்துருக்கேன்."

ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுசாமி ஏமாற்ற வரவில்லை. முழுக்க முழுக்க நம்பித்தான் சொன்னார். ஏமாற்றுக்காரனிடம் தப்பித்துவிடலாம், இந்த மாதிரி நம்பிக்கைக்காரனிடம் மாட்டினால் கோவணம்கூட மிஞ்சாது.

அடைக்கலம் ஒரு வாரம் தவணை கேட்டார். அந்த ஒரு வாரமும் வீட்டில் ரசத்தில் உப்பில்லை. "எங்கண்ணன் வாய்விட்டுக் கேட்டு இவரு தவணை கேக்குறாராம். பெரிய ஜில்லா கலெக்டரு" என்று அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் செங்கமலம் போட்ட முனகல் எதிர்வீடுவரை கேட்டது.

மறுநாள் காலையில் அடைக்கலம் நடந்தே குவாரிக்குப் போனார். ஆரம்பித்த வருசம் ஒரு தடவை பார்த்தது. அப்போது கரடு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, கடப்பாரை போட்டால் கல் கையோடு வந்தது. இப்போது அதே இடத்தில் பெரிய பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். மேலே ஒரு ஆயில் எஞ்சின் கக்குவான் வந்தவன் மாதிரி இருமி இருமித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ராக்காயி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். குவாரி தொடங்கின நாளிலிருந்து அங்கே கூலிக்கு நிற்கிறவள்.

"வாங்கண்ணே. என்ன இங்கிட்டு? கல்லு வாங்கவா?"

"குவாரியவே வாங்கலாமான்னு பாக்குறேன் ஆத்தா."

ராக்காயி சுத்தியலை நிறுத்தினாள். "நெசமாவா? நீச்சல் தெரியுமா ஒங்களுக்கு?"

சிரித்து முடித்து அவளே சொன்னாள். எஞ்சின் வந்து மூணு வருசம் ஆகிறது. முதல் வருசம் எஞ்சின் விலை, அடுத்த வருசம் குழாய், போன வருசம் பள்ளத்திலிருந்து கல் ஏற்றுவதற்குச் சங்கிலியும் உருளையும், எல்லாம் பங்குக்காரர்கள் கைக்காசு. இந்த வருசம் என்ன உடையும் என்று முனியசாமிக்குத்தான் வெளிச்சம்.

"இன்னும் எத்தனை வருசத்துக்குக் கல்லு இருக்கும்?"

"எட்டு வருசம்னு கொத்தனுங்க பேசிக்கிறாக. வருசா வருசம் ஆழம் கூடும், கல்லு கொறையும். கல்லு என்ன நாத்தா, நட்டா மொளைக்கிறதுக்கு?"

"ஒனக்குக் கூலி கூடியிருக்கா?"

"ஏன் கூடாம? அப்ப முக்கா ரூவா, இப்ப ஒண்ணேகா ரூவா." சொல்லிவிட்டு ஜல்லியைத் தட்டினாள். "முக்கா ரூவாயில ஒன்ற மரக்கா நெல்லு வாங்குனேன். இப்ப ஒண்ணேகாதான் வருது. கூலி கூடிருச்சாம். நல்லா கூடுச்சு."

அடைக்கலம் அவளை ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தத் தாலுகாவில் தன்னைப்போல இன்னொரு ஆள் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து கண்ணுசாமி வந்தபோது அடைக்கலம் அவரைக் கதவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். செங்கமலம் தூணில் சாய்ந்து நின்றார், தீர்ப்பு கேட்க வந்தவர் மாதிரி.

"மச்சான், அம்பத்தஞ்சுல மூட்டை என்ன வெலை? கதவைப் பாத்துச் சொல்லு."

"பன்னெண்டு."

"ஒனக்கு வந்தது தொள்ளாயிரத்து அறுவது. எத்தனை மூட்டை?"

கண்ணுசாமி விரலை மடக்கினார். "எம்பது."

"இப்ப மூட்டை இருவத்துநாலு. ஆயிரத்தி எரநூறுக்கு?"

"அம்பது." சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. "அம்பதா?"

செங்கமலம் தூணை விட்டு முன்னால் வந்தார். "ஏங்க, ரூவா கூடித்தானே இருக்கு? மூட்டை எப்பிடிக் கொறையும்?"

"ரூவா கூடியிருக்கு. சோறு கொறஞ்சிருக்கு. முருங்கை ஒசந்துச்சு, காய் அத்துப்போச்சு. இருக்கட்டும் மச்சான், எஞ்சின் குழாய் சங்கிலின்னு கம்பெனிக்குக் கையிலேருந்து போட்டியே, அது பேரேட்டுல எங்க?"

கண்ணுசாமி மடியிலிருந்து சின்ன சிவப்பு நோட்டு ஒன்றை எடுத்தார். "அது தனி நோட்டு. அது செலவு இல்ல மாப்ள, முதலு."

"எவ்வளவு?"

"போன வருசம் நானூத்தி எம்பது."

"அதுக்கு முந்துன வருசம்?"

"நானூத்தி அறுவது."

"அதுக்கும் முந்துன வருசம்?"

"ஐந்நூறு. ஆனா அது முதலு!"

"வருசா வருசம் போட்டாத்தான் கல்லு வெளிய வரும்னா அதுக்குப் பேரு முதலு இல்ல மச்சான், தீனி. மாட்டுக்கு வைக்கோலு போட்டுட்டு, வைக்கோலு தனி நோட்டு, பாலு தனி நோட்டுன்னு எழுதுவியா? நானூத்தி எம்பது இருவது மூட்டை. அம்பதுல இருவது போனா மிச்சம் முப்பது. அதுதான் ஒன் வீட்டுக்கு வந்து சேந்தது."

"சரி, முப்பதுன்னே வச்சுக்க!" கண்ணுசாமி விடுகிற ஆள் இல்லை. "ஒன் வயலு இருவதுதானே? முப்பது பெருசா இருவது பெருசா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அடைக்கலம் காத்திருந்தார் போலும். உள்ளே போய் ஒரு முறம் புளியங்கொட்டை கொண்டுவந்தார். தரையில் எட்டுக் குவியல். முதல் குவியலில் முப்பது கொட்டை, அடுத்ததில் இருபத்தேழு, அப்புறம் இருபத்துநாலு. பள்ளம் ஆழமாக ஆக மும்மூன்றாகக் குறைந்து, எட்டாவது குவியலில் ஒன்பதே ஒன்பது.

"ஒரு கொட்டை ஒரு மூட்டை. எட்டாவது குமிச்சலோட கல்லு தீந்துச்சு. இப்ப, இந்த வருசத்து மூட்டை கையில இருக்கு. அடுத்த வருசத்து மூட்டை அடுத்த வருசந்தான் வரும். அது வர்றதுக்குள்ள என்னென்னமோ நடக்கும். மழை பெய்யும், எஞ்சின் படுக்கும், நாமளே போய்ச் சேந்தாலும் சேந்துருவோம். அதுக்காக, காத்திருக்குற ஒவ்வொரு வருசத்துக்கும் எலிக்குப் பத்துல ஒண்ணு."

"எலி நம்ம குதிருலதானே இருக்கு?" என்றார் செங்கமலம். "குவாரியிலயுமா?"

"எல்லா எடத்துலயும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

இரண்டாவது குவியலில் ஒரு தடவை, மூன்றாவதில் இரண்டு தடவை என்று எலிப்பங்கைக் கழித்துக்கொண்டே போனார். கடைசிக் குவியலில் ஏழு தடவை எலி தின்ற பிறகு நாலு கொட்டைதான் மிஞ்சியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் செங்கமலத்திடம் தள்ளினார். செங்கமலம் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"நூத்தி இருவது."

"வயலு ரெண்டு ஏக்கரும் வித்தா இன்னைக்கு ஆறாயிரம். எரநூத்தம்பது மூட்டை. அதுலயும் எலி கழிக்கணுந்தான், கழிச்சுக்க. ஆனா கல்லு தீந்துரும். வயலு எம்பேரன் காலத்துலயும் நெல்லுதான் குடுக்கும்."

செங்கமலம் கொட்டைகளை முறத்தில் அள்ளினார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பதுதான் அடைக்கலத்துக்குப் பயம். எலிக்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை.

"அண்ணே, பாதிக்குப் பாதிகூட வரலியே. ரெண்டு ஏக்கரையும் ஒனக்குக் குடுத்துட்டு, எட்டு வருசம் கழிச்சு நான் எங்க போய் நிப்பேன்? ஒன் வாசல்லயா? அண்ணி வெளக்குமாத்தால கூட்டித் தள்ளுவா."

கண்ணுசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பத்திரத்தை மடித்தார். "அப்ப பத்து வருசமா நான் கல்லைச் சுமந்தது கல்லுக்குத்தானா?"

அடைக்கலத்துக்குப் பாவமாக இருந்தது. "வண்டிக் கல்லு என்னா வெலைக்குப் போடுற?"

"அப்ப மூணு ரூவா. இப்ப மூணே முக்கா. ரோட்டுக் காண்ட்ராக்டருகிட்ட சண்டை போட்டுல்ல ஏத்துனேன்!"

"அப்ப ஒரு வண்டி ஆறு மரக்கா. இப்ப மூணே முக்கா மரக்கா. சண்டை போட்டுக் கொறச்சிருக்க மச்சான். இனிமே ரூவாயில பேசாத. வண்டிக்கு அஞ்சு மரக்கா, தை மாசத்து நெல்லு வெலையில பணமாக் குடுன்னு எழுதி வாங்கு."

கண்ணுசாமி வாசல்படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "அவன் மட்டும் ஒத்துக்கிட்டான்னா ஒனக்கு ஒரு மூட்டை நெல்லு மாப்ள. இது சத்தியம்."

காண்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார். அவருக்கு ரோட்டு வேலை அவசரம். அடுத்த அறுப்பில் நெல் விலை இறங்கிவிடும் என்று ஒரு கணக்கு. இறங்கவில்லை. அந்த வருசம் மழை பொய்த்தது. அறுபத்தாறு தையில் கதவில் முப்பத்தாறு என்று எழுதிவிட்டு அடைக்கலமே இரண்டு தடவை படித்துப் பார்த்தார். வண்டிக் கல் ஏழரை ரூபாய்க்குப் போனது. பள்ளத்தில் தண்ணீர் வற்றி எஞ்சினுக்கும் ஓய்வு. ராக்காயி வாயிலிருந்து விஷயம் பரவி, ஜல்லி உடைக்கிற பெண்கள் அத்தனை பேரும் "எங்களுக்கும் மரக்காக் கணக்குத்தான்" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். கூலி ஒன்றரை மரக்காலுக்குத் திரும்பிற்று.

அடைக்கலத்தின் வயலுக்குப் பாய்கிற கண்மாய்தான் வெடித்துக் கிடந்தது. ரெண்டு ஏக்கரிலும் சேர்த்து நாலு மூட்டை, அதில் பாதி பதர்.

"பத்துல ஒண்ணுன்னீங்க. ஒங்க எலி பத்துல எட்டைத் தின்னுருச்சே" என்றார் செங்கமலம்.

"ஒரு வருசந்தானே. அடுத்த ஐப்பசியில கண்மாய் நெறையும். அவன் பள்ளத்துல கல்லு நெறையுமா?" என்று அடைக்கலம் விறைப்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாசி மாதம் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. முருகனுக்குச் சுருட்டு வைத்துவிட்டு நேராக வருகிற கண்ணுசாமி. பங்கு கை மாறவில்லை, ஆனாலும் சுருட்டு வைத்தார். சாமியோடு கணக்குப் பார்க்கிற குடும்பம் இல்லை அது. வண்டியிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"இந்தா மாப்ள, சொன்ன சொல்லு."

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அடைக்கலம் மரக்காலை எடுத்து வந்தார். மைத்துனன் கொடுத்ததாக இருந்தாலும் அளக்காமல் குதிரில் போடுவது அவர் பழக்கத்தில் இல்லை. ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று அளந்துகொண்டே போனவர் இருபத்தொன்றரையில் நின்றார். சாக்கை உதறினார். ஒன்றும் விழவில்லை.

"மச்சான், ரெண்டரை மரக்கா கொறையுது."

கண்ணுசாமி வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டார். "போன மாசியில சொன்னது, இந்த மாசியிலதானே தாரேன்? ஒரு வருசமாச்சுல்ல. எலிக்குப் பத்துல ஒண்ணு."

"அடப்பாவி மனுசா! நீ லேட்டாக் குடுத்தா எனக்குக் கூட்டில்ல தரணும்! கொறைக்கிறதா?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. கழிக்கத்தான் நீ சொல்லிக் குடுத்த. கூட்டச் சொல்லிக் குடுக்கலியே."

அடைக்கலம் செங்கமலத்தைப் பார்த்தார். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணனுக்கு இலை போட உள்ளே போய்விட்டார்.