மூக்கு வண்டியும் முட்டைக்காரரும்

போன வாரம் அக்கா மகன் புது பிக்கப் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழ வாசமும் புது ரப்பர் வாசமும் கலந்து அடித்தது. வாங்குவதற்கு முன்னால் மூன்று கம்பெனி வண்டிகளைப் போனில் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தானாம். மைலேஜ், பாரம், டயர் அகலம் என்று படித்துக்கொண்டே போனான். நான் டிரைவர் சீட்டில் ஏறி, இடுப்பைத் தூக்கி, கழுத்தை நீட்டி, முன் கண்ணாடி வழியாகக் கீழே எட்டி எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க மாமா தேடறீங்க?"

"மூக்கு எங்க முடியுதுன்னு பாக்கறேன்டா மாப்ள."

அவன் சிரித்தான். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் ஒரு வண்டி நல்ல வண்டியா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை அதுதான். ஏன் என்று சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், இந்த வயதில் அதைச் சேர்த்து வைத்து என்ன செய்யப்போகிறேன்.

பட்டன் போன் வந்த புதிது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிரைவராக இருந்தேன். கம்பெனிக்கு இரண்டு பிக்கப். இரண்டும் வேறு வேறு கம்பெனி தயாரிப்பு. பேரெல்லாம் எங்களுக்கு வேண்டியதில்லை. முன்பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது என்னுடையது, மொட்டை வண்டி. நீளமாக பானெட் நீட்டிக்கொண்டிருந்தது இன்னொரு டிரைவர் ரங்கசாமியுடையது, மூக்கு வண்டி. எது உசத்தி என்று நாங்கள் இருவரும் டீக்கடையில் போட்ட சண்டைக்கு, இடையில் இருந்த பெஞ்சே நடுங்கும்.

நியாயமாகச் சொல்கிறேன். மொட்டை வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சித்திரை மாதம் மத்தியானம் காங்கேயம் வரை போய்வந்தால் உட்காரும் இடம் வெந்துவிடும். எங்காவது மோதினால் நம் முழங்கால்தான் பம்பர். ஆனால் நிட்டிங் கம்பெனிகள் இருக்கும் சந்துகளில் அது ஒரே வெட்டில் திரும்பும். ரோட்டில் கிடக்கும் பட்டன்கூடக் காலடியில் தெரியும். மூக்கு வண்டி அப்படியில்லை. சீட் குளுகுளு என்று இருக்கும், மேட்டில் பாரத்தோடு சலிக்காமல் ஏறும், ஓட்டுகிறவனுக்கு ஒரு கெத்து. சந்தில் திருப்பத்தான் மூன்று ரிவர்ஸ்.

"உன் வண்டிக்கு மூக்குப்பொடி வாங்கிக் குடு பங்காளி, தும்மிட்டாவது திரும்பட்டும்" என்பேன்.

"உன்ற வண்டி அடுப்புல ரெண்டு தோசை ஊத்திக்கலாம். சீட்டத் தூக்கு, மாவு நான் கொண்டாறேன்" என்பான் ரங்கசாமி.

ஒருநாள் என் மொட்டை ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ரங்கசாமி காதுகுத்துக்கு வெள்ளகோவில் போய்விட்டான். முதலாளி மூக்கு வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இது ஓட்டிப் பழக்கமாப்பா?"

"அட, நாலு சக்கரம்தானுங்க? கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுவேனுங்க."

கடவுள் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் துணி வெந்துகொண்டிருந்த சாயப்பட்டறையில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர். துணி கடைசி அலசலுக்கு முன்னால் நின்றுவிட்டது. ஈரத்தோடு அப்படியே கிடந்தால் பட்டை பட்டையாகக் கறை விழுந்து மொத்தமும் வீண். முதலாளியின் மச்சானுக்கு பல்லடம் ரோட்டில் ஒரு பட்டறை உண்டு, அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது. உடனே கொண்டுபோய் அலசலில் போட வேண்டும்.

"எத்தன மூட்டைங்க?" என்றேன்.

"பதினாறு."

பதினாறு மூட்டை தினம் ஏற்றுகிறதுதானே என்று தலையாட்டினேன். எங்கள் ஊர் டிரைவர்களுக்கு எடை தெரியாது, மூட்டைக் கணக்குதான். நான் தினம் ஏற்றியது காய்ந்த துணி. இது பிழியாத துணி, ஒன்று இரண்டுக்குச் சமம். அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை. ஏற்றி முடித்தபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. 'ஆகா, என்ன கம்பீரம்' என்று நினைத்தேன். ரங்கசாமியின் கெத்து எனக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது என்று வையுங்கள்.

துணியின் நிறத்தைச் சொல்லவில்லையே. நல்ல சிவப்பு.

பல்லடம் ரோட்டில் ஏறினேன். தூக்கிய மூக்குக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. ஒரு முக்கில், பின்னால் ஏழெட்டு அட்டை முட்டையைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் ஒருவர், காக்கிச் சட்டை, தலையில் துண்டு, எனக்கு முன்னால் சட்டென்று குறுக்கே வந்தார். மூக்குக்கு அந்தப் பக்கம் துண்டு மட்டும் தெரிந்தது. பிறகு துண்டும் தெரியவில்லை. அப்போதுதான் வண்டி 'தடக்' என்று எதன்மீதோ ஏறி இறங்கியது.

பிரேக்கை மிதித்தேனா, இல்லை வண்டியே பயந்து நின்றதா, தெரியாது. பின்னால் யாரோ கத்தினார்கள்: "ரத்தம்! ரத்தம்!" பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தார் ரோட்டில் என் வண்டிக்குப் பின்னாலேயே நீளமாக, ஈரமாக, சிவப்பாக ஒரு கோடு.

நான் ஏற்றியது சிவப்புத் துணி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒவ்வொரு மூட்டையையும் கைவைத்துத் தள்ளி ஏற்றினேன். உள்ளங்கையே சிவந்துதான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்து இன்னும் பயந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தேன். அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானே கையைத் தூக்கிக்கொண்டு, "நாந்தானுங்க! நாந்தான் ஏத்திட்டேனுங்க! முட்டைக்காரருங்க!" என்று கத்தினேன். திருட்டுக் கேஸில்கூட எவனும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏலே, ஆளு அடியில சிக்கிருக்கான்லே, சொட்டுது பாரு!" என்றார். முட்டைக்காரருக்கு எத்தனை பிள்ளைகளோ, வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ என்று நினைத்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அழுவாத சாமி, ஒண்ணுமாகாது" என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் அழுதுகொண்டே குடித்து முடித்தேன்.

டிராபிக் போலீஸ்காரர் வந்தார். வண்டிக்கு அடியில் பார்த்தார், ஆள் இல்லை. ஒரு விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டு மோந்தார். என்னைப் பார்த்தார். மேலே மூட்டைகளைப் பார்த்தார்.

"ஏன்யா, துணி ஏத்துனியா?"

"ஆமாங்கய்யா."

"என்ன கலரு?"

"செவப்புங்கய்யா" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் சாயமாகிவிட்டது, சரி. 'தடக்' என்றதே, அது என்ன? முட்டைக்காரர் எங்கே? ரோட்டோரச் சாக்கடைக்குள் தூக்கி எறியப்பட்டிருப்பாரோ? "தேடுங்கய்யா, தேடுங்க" என்று நான் கெஞ்ச, கூட்டமும் பாவம் பார்த்து இரண்டு பக்கச் சாக்கடையிலும் எட்டிப்பார்த்துக்கொண்டு நடந்தது. போலீஸ்காரரும் லத்தியால் ஒரு புதரைக் குத்திப் பார்த்தார்.

அந்த நேரத்தில் கூட்டத்தின் பின்னால் இருந்து ஒருவர் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. என் முகத்துக்கு நேராகக் குனிந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்:

"ஏனுங்ண்ணா, அடிபட்டது யாருங்க? உசுரு இருக்குதுங்களா?"

நான் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். கையில் ஒரு முட்டை அட்டையை வைத்திருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். "ஏனுங், முட்டைங்க, முட்டைங்க!" என்று அவர் கத்தக் கத்த, விடாமல் கட்டிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் சட்டையிலும் மஞ்சள் வழிந்தது. என் கைச் சிவப்பு அவர் முதுகில் ஒட்டியது. எனக்கு முன்னால் புகுந்தவர் நேராக எதிர்ச் சந்துக் கடைக்கு முட்டை போடப் போயிருக்கிறார், அவ்வளவுதான். என் வண்டி ஏறி இறங்கியது முந்தின நாள் போட்ட வேகத்தடை. இரட்டைப் பாரத்தில் ஸ்பிரிங் பட்டை அடிவாங்கி அப்படி ஒரு சத்தம்.

மச்சான் பட்டறைக்குத் துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கறை விழவில்லை. "பாதிச் சாயத்த ரோட்டுக்கே போட்டுட்டயேப்பா" என்றதோடு முதலாளி விட்டுவிட்டார். ரங்கசாமிதான் விடவில்லை. காதுகுத்து முடிந்து வந்த அன்றைக்கே டீக்கடையில், "என்ற வண்டி ஆளப் பாத்துத்தான் ஏறும் பங்காளி, பயந்தாங்கொள்ளின்னா நின்னுக்கும்" என்று பெஞ்சைத் தட்டினான். அப்போதும் மூக்கு வண்டி உசத்தி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு காலம் என்னவோ செய்துவிட்டது. ஈரத்துணி இப்போது ரோட்டில் போவதில்லை, எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் முடிந்துவிடுகிறது. எங்கள் ஊர் ரோடுகளில் அன்றாடம் விழுந்த சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைக் காணோம். ஆற்றுக்கு அது நல்லது, எனக்கும் நல்லது. ரங்கசாமி வண்டியை விட்டுவிட்டு பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். மூக்குகளும் வருடத்துக்கு வருடம் குட்டையாகிவிட்டன, மொட்டைக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருக்கிறது.

முட்டைக்காரர் மட்டும் அந்த நாளுக்குப் பிறகு நான்கைந்து வருடம் என்னை விடவே இல்லை. பல்லடம் ரோட்டில் எங்கே என் வண்டியைப் பார்த்தாலும் மொபெட்டை ஓரங்கட்டி, ஒரு கையைத் தூக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "இன்னிக்கும் உசுரோடதானுங்ண்ணா இருக்கறேன்!" நானும் ஹாரனை அடித்துவிட்டுப் போவேன். பிறகு கொமரலிங்கத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

இன்றைக்கும் அந்த ரோட்டில் என் வண்டிக்கு முன்னால் எத்தனையோ பேர் குறுக்கே போகிறார்கள். ஒருவராவது நின்று, தான் உயிரோடு இருக்கிற விவரத்தை எனக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை.