காற்றில்லாமல் வந்த அலை

எண்பதுகளில் எங்கள் ஊர் சிலமலைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. அப்பா அதைப் பற்றிக் கேட்டார்.

“அந்தமான் பக்கம் ஒருநாள் காத்தே இல்லங்க. திடீர்னு நுரையா ஒரு கோடு வந்து கப்பலையே திருப்பிருச்சு. அலை தண்ணிக்குள்ள போகுதாம்.”

“காத்தில்லாம அலையா தம்பி?” என்று அப்பா சிரித்தார்.

“இவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்,” என்று கூட வந்த அவருடைய அக்கா சமாளித்தார். கப்பல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயில் அடியில் தண்ணீர் கிடக்கும். சாய்த்துப் பிரித்து ஊற்றுவது என் சோலி. காபித் தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் பாட்டிலோடு திரும்பிப் போய், அவர் முன்னால் மெல்லச் சாய்த்தேன். மேல்மட்டம் அசைந்ததாகவே தெரியவில்லை. எண்ணெயும் தண்ணீரும் சேரும் இடத்தில் மட்டும் அலை புரண்டது.

“இப்படியாங்க?”

“இதேதான். கடல்ல மேல சூடான லேசான தண்ணி, கீழ குளிர்ந்த கனமான தண்ணி. கடல் ஏறி எறங்குற ஓட்டம் உள்ள இருக்கிற மலைமேல மோதுனா நடுவுல மேடு கெளம்பும். பெரிய மேடு வெரசாப் போகும், சின்னது பின்னால வரிசையா வரும். ரொம்பத் தூரம் கலையாது.”

அப்பா பாட்டிலை வாங்கித் தானும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சரி மாப்ளே, காபியக் குடிங்க.”

அன்று என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் இன்றும் சொல்வார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொன்னதை ஒருத்தி நம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.