வைஃபை மதாம்

பாஸ்வேர்டைச் சொல்ல வாயெடுத்த மாணவனைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார் மதாம் இன்ஷிராஹ். "நீயே அடி. எனக்கு எதுக்குப்பா அது? என் வீட்டுக்காரர் ஃபோனுக்கே நான் கேட்டதில்ல." தட்டி முடித்தான் என்று தெரிந்த பிறகுதான் திரும்புகிறார்.

நைல் கரையோரம் எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் யார் ஃபோன் வாங்கினாலும் வளாக வைஃபையில் சேர்க்க முதலில் வருவது கணினிப் பிரிவில் இவரிடம்தான். பக்கத்து மேசையில் மாணவர் பதிவேடு பார்க்கும் எனக்குப் பதினோரு வருடமாக இதுவே காட்சி. பருத்த உடம்பு, தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஃபோன் மக்கர் செய்தால் ஃபோனைத்தான் திட்டுவார்: "ஏண்டா கழுதை, உனக்கு இங்க என்ன குறைச்சல்?" கொண்டுவந்தவரைத் திட்டிப் பார்த்ததில்லை.

ஒருமுறை உடற்கூறியல் பேராசிரியர் வைஃபை சேரவில்லை என்று கோபமாக வந்தார். மதாம் அவர் ஃபோனில் 'நெட்வொர்க்கை மற' என்பதைத் தொட்டுக் காட்டி, "மறந்துடுங்க டாக்டர். புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரிதான். பழசை மறந்தாத்தான் மறுபடி சேர முடியும்" என்றார். பேராசிரியர் சிரித்தபடி போனார்.

போன செவ்வாய்க்கிழமை நெஸ்மா என்ற மூன்றாம் ஆண்டு மாணவி ஓடிவந்தாள். ஒரு மணிக்குத் தேர்வு. வளாக வைஃபையில் இணைந்த ஃபோனில்தான் வினாத்தாள் திறக்கும். போன வருடம் இதே பாடத்தில் தவறியவள். இருபது நிமிடம்தான் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் அடிச்சேன் மதாம். சேரவே மாட்டேங்குது." குரல் உடைந்தது.

"உக்காரு. தண்ணி குடி. அழுதா எழுத்து தெரியாது."

மறக்க வைத்தார், அணைத்துப் போட்டார். ஃபோன் அசையவில்லை. கண்ணாடியை மேலே தள்ளி, திரையின் ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"ஃபோனை எங்கயாவது பிரிச்சியா?"

"நேத்து கடையில பேட்டரி மாத்தினேன்."

"அதான். இவன் இன்னும் மூணு வருஷம் முன்னாடியே இருக்கான். இன்னிக்குத் தேதியே தெரியாதவனை எங்க நெட்வொர்க் எப்படி நம்பும்?"

தேதியைத் திருத்தினார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். நெஸ்மா மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். சேர்ந்துவிட்டது. "மதாம்..." என்றவளை, "ஓடு கண்ணு, அப்புறம் பேசலாம்" என்று விரட்டினார்.

அதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் உணவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தேர்வுக்கூடத் தாழ்வாரத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கூடத்துக்கு வைஃபை தரும் பெட்டி அதன் கதவுக்கு மேலேதான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, சுவருக்கு வெள்ளையடிக்கிற இருவர் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளுங்க மதாம், மேல ஒயரைக் கழட்டிட்டு அடிக்கணும்" என்றான் ஒருவன்.

மதாம் ஏணியின் அடிப்படியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருப்பு வடையை அவனிடம் நீட்டினார்.