எழுபத்திரண்டு கிலோமீட்டர் எங்கே போனது?

கடிதத்தை முதல் முறை வாசித்தபோது பெட்டிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது காது மடல் சுட்டது. மூன்றாம் முறை வாசிக்கவில்லை. அக்காவிடம் நீட்டிவிட்டு, கதவோரம் உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்க்கப் போய் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அக்கா தையல்காரி. பல்லிடுக்கில் இரண்டு குண்டூசியோடு உரக்கப் படித்தாள். "கடந்த மாதம் தங்கள் வண்டி வழக்கமான தூரத்தைவிட எழுபத்திரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியுள்ளது. ஆற்றங்கரை ஊருக்குப் போய்வர முப்பத்தாறு கிலோமீட்டர் ஆகும். எனவே அம்மாதம் இருமுறை தாங்கள் அங்கே யாரையோ சந்திக்கச் சென்றதாகக் கருத இடமுண்டு. வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தரவும். விளக்கம் திருப்தியாக இல்லையெனில் மலைப் பாதையிலிருந்து விலக்கப்படுவீர்கள்."

குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா கேட்டாள். "ஆத்தங்கரையில யாருடி?"

"யாருமில்ல."

"அது எனக்குத் தெரியாதா? யாராவது இருந்தா உன் மூஞ்சி இப்படியா இருக்கும்?"

அக்கா சிரித்தாள். பெட்டிக்காரி சிரிக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஒன்பது வருஷமாக மலை உச்சியிலிருக்கும் சின்ன மருத்துவமனைக்குப் போய், அங்கே எடுக்கும் ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்து, ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருகிறாள். சிவப்புப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போவதால் பெட்டிக்காரி. சொந்தப் பேரைச் சொன்னால் மலையில் ஒருவருக்கும் தெரியாது. வாரத்தில் மூன்று நாள், போக நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அதற்குமேல் பதினெட்டு கிலோமீட்டர் மலைப் பாதை, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, உருளும் கல். இதில் எந்த நாளில் ஆற்றங்கரைக்குப் போவதாம்? திரும்பி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்காவின் துணி மூட்டைமேல் சாயத்தான் தெம்பிருக்கும்.

எல்லாம் புதுவண்டி வந்ததிலிருந்து ஆரம்பித்தது.

போன வருஷம் தலைமை அலுவலகம் பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டு, உயரமான புதுவண்டி பத்து வாங்கியது. டாங்க்கில் "சாலைக்கும் காட்டுக்கும்" என்று எழுதியிருந்தது. வண்டிப் பிரிவு அதிகாரி அலுவலக மைதானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "பறக்குது!" என்றார். பறக்கத்தான் செய்யும், அது சிமென்ட் தரை. செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரத்தில் பதினைந்து பல். நெடுஞ்சாலைக்கு அருமையான கணக்கு. மலைக்கு அது எமன். முதல் கியரிலேயே வண்டி மெதுவாகப் போக மறுக்கும். வளைவில் நடக்கும் வேகத்துக்குக் குறைத்தால் திணறி அணையும். அணையாமலிருக்க ஒன்று கிளட்ச்சைப் பாதி பிடித்துக் கருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஏற வேண்டும்.

அவள் இரண்டையும் செய்தாள். கிளட்ச் தட்டு இரண்டு மாதத்தில் கருகியது. "பெண்பிள்ளைகள் கிளட்ச்சில் தொங்கிக்கொண்டே ஓட்டுவார்கள்" என்று அதிகாரி பதிவேட்டில் எழுதினார். அது போகட்டும். வேகமாக இறங்கியதில் பெட்டி குலுங்கி, குழாய்க்குள் ரத்த அணுக்கள் உடைந்தன. உடைந்த ரத்தத்தை ஆய்வுக்கூடம் சோதிக்காது, வீசிவிடும். இரண்டு மாதத்தில் பதினோரு குழாய் குப்பைக்குப் போயிற்று. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மூன்றாவது முறையாகக் கையை நீட்டும்போது கேட்டாள். "பெட்டிக்கா, வழியெல்லாம் என்ன, தயிர் கடையறீங்களா? இனிமே குத்த என் கையில எடமில்ல."

அன்று மலையடிவாரத்தில் டயர் கடை வைத்திருப்பவனிடம் போய் நின்றாள். அவனிடம் டயர் தவிர எல்லாம் கிடைக்கும்.

"பின்சக்கரத்துப் பல்லைப் பெருசாக்கினாலும் இழுவை கூடும். ஆனா செயினும் நீளமா வாங்கணும்" என்றான். "முன்னாடி சிறுசாக்கினா இருக்கிற செயினே போதும். பதினாலு போட்டுப் பாப்பமா?"

பதினான்கு போட்டாள். அது இரண்டுங்கெட்டான். மலையிலும் கொஞ்சம் திணறியது, சாலையிலும் கொஞ்சம் கத்தியது. பதின்மூன்று போட்டாள். மலை கையில் வந்தது. வளைவுக்கு வளைவு, ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிப் போவதுபோல வண்டி நடந்தது. ஆனால் அதே பதின்மூன்றோடு நெடுஞ்சாலையில் இறங்கினால் என்ஜின் ஒப்பாரி வைத்தது. நாற்பது கிலோமீட்டர் முடிவில் உள்ளங்கை மரத்து, சாவியைத் திருப்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தார்ப்பாய் தைக்கும்போது மோட்டார்ல சின்னச் சக்கரம் போடறேன். மெல்லிசுத் துணிக்குப் பெருசு போடறேன். ரெண்டுக்கும் ஒண்ணே போதும்னு எந்த மடையனாவது சொல்வானா?"

"சொல்றான்கா. அவன்தான் அதிகாரி."

அன்றிலிருந்து அடிவாரத்தில் நிறுத்தி, ஏறும்போது பதின்மூன்று, இறங்கி வந்ததும் பதினைந்து. பல் குறைந்தால் செயின் தொய்யும். அதை இழுத்துப் பிடிக்கப் பின்சக்கரத்தை எவ்வளவு நகர்த்த வேண்டுமென்று, சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் ஆணியால் இரண்டு கோடு கீறி வைத்தாள், மலைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று. முதலில் அரைமணி நேரமானது. பிறகு பன்னிரண்டு நிமிஷம். அதன்பிறகு ஒரு குழாய்கூடக் குப்பைக்குப் போகவில்லை. வண்டியில் எந்த மாற்றமும் செய்யக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆகவே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இந்தக் கடிதம்.

புதன்கிழமை அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சாலையோரக் கிலோமீட்டர்க் கல் நாற்பதைத் தாண்டியபோது மீட்டரும் நாற்பது காட்டியது. மலையில் பதினெட்டுக் கல் முடிந்தபோது ஏறக்குறைய இருபத்தொன்று காட்டியது. மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து நர்ஸிடம் சீட்டு ஒன்று வாங்கிக் கணக்குப் போட்டாள். இந்த வண்டியில் மீட்டர், சக்கரம் எத்தனை சுற்றியது என்று எண்ணுவதில்லை. என்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றியது என்று எண்ணுகிறது. பல்லைச் சிறிதாக்கினால் அதே தூரத்துக்குத் தண்டு கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஏறவும் இறங்கவுமாக ஒரு நாளைக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் பொய். பதின்மூன்று நாளுக்கு எழுபத்திரண்டு.

"கண்டுபிடிச்சுட்டியே, அப்புறம் என்ன?" என்றாள் நர்ஸ்.

"என்னன்னு சொல்றது? ஊர் சுத்தலன்னு சொல்லணும்னா பல்லு மாத்தினேன்னு சொல்லணும். அதுக்கும் மலையைப் பிடுங்கிப்பாங்க."

"உன்னை எடுத்துட்டா யாரு வருவா?"

"யாரும் வர மாட்டாங்க. வாரத்துக்கொரு தடவை ஜீப் வரும்."

நர்ஸ் குழாய்களை எண்ணித் தந்தாள்.

அடிவாரத்தில் டயர் கடைக்காரன் அதற்கும் வழி வைத்திருந்தான். "மீட்டர் வயரைப் பிடுங்கி விட்டுடறேன்கா. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. முடிஞ்சுது கதை."

நல்ல வழிதான். அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். அப்போது நெட்டையன் வந்து வண்டியை நிறுத்தினான். அவளைப்போலவே பெட்டி சுமப்பவன், ஆனால் அவனுக்கு முழுக்க நெடுஞ்சாலைதான். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்குப் போயா இப்படி?" என்றான். "போன வருஷம் எனக்கு நூத்தம்பது கிலோமீட்டர் கூடக் காட்டுச்சே."

"உனக்கும் கடிதம் வந்துதா?"

"ரெண்டு வரி. மீட்டர்ல கோளாறு இருக்கலாம், சரிபார்த்துக்கவும்னு. புது மீட்டர் போட்டுக் குடுத்தாங்க."

"நிஜமா எவ்வளவு ஓட்டினே?"

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "மச்சான் வீட்டுக்கு நாலஞ்சு தடவை போயிருப்பேன்."

டயர் கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. மச்சான் வீட்டுக்குப் போனவனுக்கு மீட்டர் கோளாறு. மலையேறிக் கை மரத்தவளுக்கு ஆற்றங்கரை!

"அந்தக் கடிதம் வச்சிருக்கியாடா?"

"வண்டிப் பையில எங்கயாவது கிடக்கும்."

"எடு."

"அக்கா, என் பேரு வெளிய..."

"உன் மச்சானைப் பத்தி நான் பேசப் போறதில்ல. எடுடா."

டயர் கடைக்காரன் வயர் வெட்டும் குறடோடு நின்றான். "அப்ப இது?"

"மீட்டர் ஒழுங்காத்தான் ஓடுது. கோளாறு வேற எடத்துல."

வியாழக்கிழமை விசாரணை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். வண்டிப் பிரிவு அதிகாரி ஒருவர். ஆய்வுக்கூடத்தின் தலைமை டாக்டர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் அம்மாள். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"சொல்லும்மா. எழுபத்திரண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?"

பெட்டிக்காரி பையிலிருந்து பதின்மூன்று பல் சக்கரத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அதை வைத்த இடத்தில் கருப்பு வளையம் பதிந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப விதியை மீறினேன்னு ஒத்துக்கற."

"ஒத்துக்கறேன் சார். ஆனா ஊர் சுத்தல."

"மீட்டர் அப்படியெல்லாம் காட்டாது. எனக்குத் தெரியாத வண்டியா?"

டாக்டர் குறுக்கிட்டார். "வாசல்ல வண்டி இருக்கு. ரோட்டுல கல் இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்களேன். இதுல என்ன கஷ்டம்?"

முற்றத்தில், ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்க, அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பல்சக்கரத்தை மாற்றினாள். பதினோரு நிமிஷம். கோபத்தில் ஒரு நிமிஷம் மிச்சம். அதிகாரி பின்னால் ஏறிக்கொண்டார். பத்துக் கல் ஓடித் திரும்பினார்கள். திரும்பி வந்தபோது அதிகாரிக்குத் தலைமுடி நட்டுக்கொண்டிருந்தது, பேச்சுக் கொஞ்சம் குறைந்திருந்தது.

"எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"பத்துக்குப் பதினொன்றரை." மீட்டரும் அவளோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது போன்ற குரல். "சரி, கிலோமீட்டர் விஷயம் முடிஞ்சுது. மாத்தினதுக்கு மட்டும்..."

"மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துல பதினோரு குழாய் வீசினேன்" என்றார் டாக்டர். "மாத்தினப்புறம் ஒண்ணுகூட இல்ல. அவளை எடுத்தா நான் எதைச் சோதிக்கறது? நீங்க ஏறிப் போய் எடுத்துட்டு வருவீங்களா?"

அதிகாரி கோப்பை மூடப் போனார். "விசாரணை முடிந்தது. நீயே மலைக்குப் போகலாம்மா."

"எனக்கு விசாரணை இன்னும் முடியல சார்."

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று எண்ணெய்க் கறை படிந்தது, இரண்டே வரி. மற்றது அவளுடையது.

"இவனுக்கு நூத்தம்பது கிலோமீட்டர். மீட்டர் கோளாறு. எனக்கு எழுபத்திரண்டு. ஆத்தங்கரையில ஆளு. இதை எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"அது... அது வேற விஷயம்மா."

"என்ன வேற?"

டாக்டர் தலைமேலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, இரண்டையும் வாசித்தார். பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க. எனக்கும் தெரியணும்."

"கருத இடமுண்டுன்னுதான் எழுதியிருக்கு. குற்றம்னு எழுதலையே."

"அந்த எடத்தை நீங்கதானே சார் உண்டாக்கினீங்க? மேப்பை விரிச்சு, முப்பத்தாறு கிலோமீட்டர்ல ஒரு ஊரைத் தேடி, ரெண்டால பெருக்கி! அவ்வளவு நேரத்துல வண்டியோட பல்லை எண்ணியிருக்கலாம். பதினஞ்சுதான் இருக்கு." அவள் தன் தாளின்மேல் விரலை ஊன்றினாள். "இது என் கோப்புல இருக்கும். நாளைக்கு வர்றவங்க படிப்பாங்க. அந்த வரியை அடிங்க."

அதிகாரி பேனாவை எடுத்து, நோகாமல் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

"நல்லா அடிங்க சார். படிக்க முடியக் கூடாது."

அவர் அடித்தார். தாள் கிழிகிற அளவுக்கு அடித்த பிறகுதான் அவள் பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. இனி எல்லா வண்டியிலும் பதின்மூன்று பல் சக்கரமே பொருத்தப்பட வேண்டும். எல்லா வண்டியிலும்! நெட்டையன் வண்டி வருகிற அலறல் டயர் கடைக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே கேட்டது. இறங்கியவன் மரத்துப்போன கைகளை உதறினான்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும், என்ன சொல்லித் தொலைச்ச அவர்கிட்ட?"

"மலைக்குன்னு சொன்னேன்டா. ரோட்டுக்குப் பதினஞ்சு, மலைக்குப் பதிமூணுன்னு தெளிவாச் சொன்னேன். அந்தாளு காதுல பதிமூணு மட்டும் விழுந்திருக்கு."

"இப்ப நான் என்ன பண்றது?"

டயர் கடைச் சுவரில் ஆணியடித்து ஒரு பதினைந்து பல் சக்கரம் மாட்டியிருந்தது. அவள் அதைக் கண்ணால் காட்டினாள். "சட்டைக் கையை மடி. கோடு கீறறதுக்கு ஆணி நான் தர்றேன்."

அவன் ஸ்பேனரைத் தேடிக் குனிந்தான். அவள் தன் வண்டிக்குத் திரும்பி, மலைக்கோட்டுக்குப் பின்சக்கரத்தை நகர்த்தி, நட்டை இறுக்கினாள். ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. இன்னும் அரைத் திருப்பு இறுக்கினாள். பெட்டியின் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு, முதல் வளைவை நோக்கி மெதுவாக ஏறத் தொடங்கினாள்.