மதகுக் கல்லில் இல்லாத பெயர்

நான் ஒரு பெயரை மறைத்தேன். அந்தப் பெயருக்கு உரிய வாரிசு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்தேன்.

திண்டிவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன்! ஆதாரம் என் கைக்கு வந்தபோது நான் செய்ததைக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள்.

எங்கள் ஊர் விக்கிரவாண்டிக்குப் பக்கம். ஏரி நிரம்பினால், மதகைத் திறக்கும் முன் முதல் தேங்காயை எங்கள் வீட்டு ஆண்தான் உடைக்க வேண்டும். காட்டை வெட்டி, கரை போட்டு, ஊரை உண்டாக்கியவர் எங்கள் முன்னோர் ராமசாமி என்பது வழிவழியாக வந்த பேச்சு. அப்பா உடைத்தார். அவருக்குப் பின் நான்.

ஏரியைத் தூர் வாரிய ஆண்டு, மதகருகே ஒரு கல் நட்டு அந்த முதல் குடியின் பெயரைப் பொறிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவும் பழைய ஆவணத்தைப் பார்த்து, ஆதாரத்தோடு... வாத்தியார் அல்லவா!

மறுநாள் காலையில் மாணிக்கம் வந்து நின்றான். காலனிக்காரன். எங்கள் கழனியில் வேலை செய்தே முதுகு வளைந்தவன்.

"சார், பழைய ரெக்கார்டு பாக்க விழுப்புரம் போறீங்களாமே. நானும் கூட வர்றேன் சார்."

"நீ எதுக்குப்பா?"

"திருவிழாவுல சட்டி தூக்கிக்கினு எல்லையைச் சுத்தறது எங்க வூடுதான சார். மொத மொத வந்தவனுக்குத்தான எல்லை தெரியும்? ஏரி வெட்டுனது நம்ம பாட்டன்தான்னு எங்கப்பா சொல்லிக்கினே இருப்பாரு. பேருதான் தெரியல. பேரு கெடச்சா போதும் சார். வேற ஒண்ணும் வாணாம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

மாணிக்கம் என்னைவிட நான்கு வயது மூத்தவர். இவ்வளவு நேரம் அவன் என்றே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா! உங்கள் முன்னால் கூசிக் குறுகி நிற்கும்போதும் இந்த நாக்கு திருந்தவில்லை.

விழுப்புரத்தில் இரண்டு நாள் வீணாய்ப் போயிற்று. மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பதிவேடு கிடைத்தது. புள்ளி வைக்காத பழைய கையெழுத்து. பழகியவர்களால்தான் படிக்க முடியும். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. மாணிக்கம் தன் கையை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் படித்தேன்.

காட்டை வெட்டியவன், கரை போட்டவன், முதல் குடிசை கட்டியவன்... எல்லாம் ஒரே ஆள். சேரியைச் சேர்ந்த கூத்தான். எல்லை சுற்றும் குடும்பம் அவன் வழி என்றும் எழுதியிருந்தது. எங்கள் ராமசாமி வெகு காலம் கழித்து வந்தவர். கூத்தான் காட்டிய நிலத்தில் ஏர் பூட்டியவர்.

மாணிக்கத்தின் கட்டைவிரல் அந்தப் பெயரின்மேல்தான் இருந்தது! நகக்கண்ணில் எங்கள் கழனி மண். தன் முப்பாட்டனைத் தொட்டுக்கொண்டு, அது தெரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் போட்டுருக்குது?"

"ராமசாமிதான் கரை கட்டினார்னு இருக்கு. உங்க வழியில யார் பேரும் இல்ல, மாணிக்கம்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவர் கையை எடுத்துக்கொண்டார். தாள் மறுபடியும் படபடத்தது.

"போனா போவுது சார். எதுனா ஒரு மூலையில இருக்கும்னு பாத்தேன்."

இருவருக்கும் தேநீர் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அந்த இடைவெளியில் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்? பிறகு சொல்லிவிடலாம் என்றா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊரில் கலவரம் வரும் என்று பயந்தேன் என உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்பக்கூடும். ஆனால் அந்த நொடியில் கலவரம் எதுவும் என் நினைவில் இல்லை. தேங்காயை ஓங்கிய அப்பாவின் கையும், அதைச் சுற்றிக் கும்பிட்டு நின்ற ஊரும்தான் தெரிந்தன. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ராமசாமி பெயரோடு கல் வந்தது. அதை நடக் குழி தோண்டியவர் மாணிக்கம்! அடுத்த வாரம் ஒரு மூட்டை மல்லாட்டையை எங்கள் வாசலில் இறக்கினார். மூன்று நாள் தனக்காக மெனக்கெட்டேனாம்... என் மனைவி அந்தக் கடலையை வேகவைத்துக் கொடுத்தாள். தின்றேன்.

போன மாதம் மாணிக்கம் இறந்துபோனார். காரியம் முடிந்து அவர் மகள் செல்வி என்னைப் பார்க்க வந்தாள். நான் குடியிருக்கும் இதே திண்டிவனத்தில் நர்சாக இருக்கிறாள்.

"அப்பா கடைசி வரைக்கும் அந்தப் பேரையே கேட்டுக்கினு இருந்தாரு சார். நான் ஒரு தபா போய்த் தேடிப் பாக்கட்டுமா? எந்தப் புக்குன்னு மட்டும் சொல்லுங்க."

எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் என் கைபேசி கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

"அதெல்லாம் செல்லரிச்சுப் போச்சும்மா" என்றேன்.

ஆம், இரண்டாம் முறையும்!

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "பரவால்ல சார். வாத்தியாரு மாதிரி யாரும் நமக்காவ ஒக்காந்து தேட மாட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை.

கூத்தான். முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். நான்கு தெரு தள்ளி இருக்கும் அவளிடம் சொல்ல முடியவில்லை.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஏரி நிரம்பிவிடும் என்கிறார்கள். தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் போவேன்.