கும்பிட்டால்தான் மருந்தா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிட்லபாக்கத்தில் குடியிருந்தோம். தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் ஆங்கிலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோவிலம்பாக்கம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய இலவச மருத்துவமனைக்குப் போய்விடுவேன். அங்கே ஸ்பெயினிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். நோயாளிகள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது என் வேலை.

டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். கைக்குழந்தையிடம்கூட, “நீங்க வாய் திறங்க” என்பார். தாய்மார்கள் சிரிப்பார்கள். மருத்துவமனை மேனேஜர் நேர் எதிர். அப்பா வயதுக்காரரானாலும் ‘நீ, வா, போ’தான்.

ஒரு ஞாயிறு, நன்கொடை கொடுத்தவர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். கூடவே ஒரு போட்டோகிராபர். மருந்து வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் அவர்கள் முன்னால் நின்று கும்பிட வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். பாவம், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கும்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து, கடலோரக் குப்பத்திலிருந்து வந்து மீன் விற்கும் ஓர் அம்மாவின் முறை. அவர் புருஷன் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். சர்க்கரை வியாதிக்காரர். படகில் ஆணி குத்தி, கால் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. கும்பிடச் சொன்னதும் அந்த அம்மா அசையவில்லை.

“கால் அழுகிகினு கீது சார், வைத்தியம் பாக்கத்தான் வந்தேன். கும்புட்டு போட்டோ புடிக்க நான் இன்னா பிச்சையா எடுக்கறேன்?” என்றார்.

“இரக்கப்பட்டு இனாமா வைத்தியம் பாத்தா உனக்கு ரோஷம் வேறயா? நீ கிளம்பு. அடுத்த ஆள் வா” என்றார் மேனேஜர்.

அந்தக் காலோடு எங்கே கிளம்புவது? டாக்டர் என்ன தகராறு என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி நான் தமிழில் சொன்னேன்.

ஸ்பானிய மொழியில் ‘மெர்ஸெத்’ என்று ஒரு சொல் உண்டாம். இரக்கம், கருணை என்று பொருள். நடுக்கடலில் புயலிடம் மாட்டிக்கொண்ட படகை, புயலின் மெர்ஸெத்தில் கிடக்கிறது என்பார்களாம். ஆனால் அதே சொல்லை வைத்துத்தான் அந்தக் காலத்தில் மரியாதைக்குரியவர்களை அழைத்தார்களாம், ‘தங்கள் கருணை’ என்கிற மாதிரி. அது வாய்க்கு வாய் தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆகிவிட்டது. நம் ‘நீங்க’ போன்ற சொல் அது.

“எங்கள் ஊரில் மரியாதையே இந்தச் சொல்லிலிருந்துதான் பிறந்தது. இந்த மேனேஜர் அதை வைத்து ஒரு மனுஷியைப் புயலில் தள்ளப் பார்க்கிறார்” என்றார் டாக்டர்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, “மேடம், உங்க பாடத்தை எல்லாம் டுடோரியலோட வெச்சுக்குங்க” என்றார். எனக்கு மட்டும் ‘மேடம்’, ‘உங்க’.

“அந்த ‘உங்க’வை அந்த அம்மாவுக்கும் குடுங்க சார். அவங்க உங்களைவிட வயசுல பெரியவங்க” என்றேன். வந்திருந்தவர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் யாருக்கும் காத்திருக்கவில்லை. புருஷன் பெண்சாதி இருவரையும் உள்ளே அழைத்துப் போய், போட்டோகிராபரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். காலைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பல வாரம் கட்டு மாற்றியதில் ஒரு விரல் போனாலும் கால் தப்பியது.

அந்தக் கட்டு பிரித்த கொஞ்ச நாளில், இனி வர வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தன் நாட்டுக்கே திரும்பிப் போனார். நானும் போவதை நிறுத்திக்கொண்டேன். மேனேஜர் அதே நாற்காலியில்தான் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். கும்பிடு படங்கள் அறக்கட்டளையின் அடுத்த வருடக் காலண்டரில் அழகாக அச்சாகி வந்தன.

இத்தனை வருடம் கழித்தும், ஏதாவது ஒரு கவுன்ட்டரில் வயதான ஒருவரை ‘நீ’ என்று விரட்டும் குரல் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒருவருடைய மரியாதையைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பதை இரக்கம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை.